ஒரு தலைக்கு ஏழு எண்ணெய்

என் மகளின் தலையில் முதல் பொருக்கைக் கண்டவன் நான்தான். விரல் நுனியளவுகூட இல்லை. உச்சிக்குச் சற்றுப் பின்னால், தேன் சிந்திக் காய்ந்ததுபோல மஞ்சளாய் ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைக்கு அப்போது நான்காம் மாதம். பால் குடித்துவிட்டுத் தாயின் மடியில் கிடந்தவளை அப்படியே தூக்கிக்கொண்டு முற்றத்து வெளிச்சத்துக்கு ஓடினேன். மனைவி பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

"இது சின்னப் பிள்ளையளுக்கு வாறதுதானே. விடுங்கோ, தானாப் போயிடும்" என்றாள்.

விடுவதற்கு என்னால் முடியவில்லை. எதையுமே விட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாத பிறவி நான். குளத்தில் துருசுக் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் தண்ணீர் வரும்வரை வாய்க்கால் கரையில் போய் நிற்பேன். நான் நின்றால் தண்ணீர் கொஞ்சம் விரைவாக வரும் என்று ஒரு நினைப்பு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பொருக்கைக் கண்டதும் எனக்கு மாமியின் ஞாபகம்தான் வந்தது. பயம் பிடித்ததும் அதனால்தான்.

ஐம்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வன்னியில் உடையார்கட்டுக்கு வந்து, குளத்துக்குக் கீழே கிடைத்த காணியில் காடு வெட்டி வரம்பு கட்டினவர்களில் நானும் ஒருவன். தென்னங்கிடுகு வேய்ந்த ஒரு வீட்டைப் போட்டுவிட்டுத்தான் கலியாணம் செய்தேன். மாமிக்கு ஒரே மகள். மாமா முன்பே காலமாகிவிட்டார். பெண்ணைக் காட்டுக்குக் கொடுத்துவிட்டேன் என்று மாமி அயலெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தலைப்பிரசவம் வழக்கப்படி யாழ்ப்பாணத்தில் தாய்வீட்டோடு நடந்தது. பிள்ளை பிறந்ததும் என் மனைவிக்கு இரத்தம் நிற்கவில்லை. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். மாமி அந்த மூன்று நாளும் வாசலில் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. நான் வாசலுக்கும் கேற்றுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

அவள் பிழைத்து எழுந்தாள். முப்பத்தோராம் நாள் பிரசவத் துடக்குக் கழித்து, பிள்ளையின் பிறந்த மயிரை வழித்தார்கள். மூன்று மாதம் முடிந்த பிறகுதான் மாமி இருவரையும் என்னோடு அனுப்பினார். பஸ்ஸடியில் வைத்து ஒரு நிபந்தனையும் போட்டார்.

"தம்பி, பிள்ளையையும் குஞ்சையும் உங்களை நம்பி விடுறன். குஞ்சுக்கு ஒரு குறை எண்டு என்ரை காதில விழுந்துதோ, அடுத்த பஸ்ஸில வந்து ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போயிடுவன். பிறகு என்னோட கோவிக்கக் கூடாது."

மாமிக்குப் பிள்ளை என்றால் என் மனைவி. இருபத்திரண்டு வயதாகி, ஒரு குழந்தைக்குத் தாயான பிறகும் அவருக்கு அவள்தான் பிள்ளை. என் மகள் அவருக்குக் குஞ்சு. எனக்கோ பிள்ளை என்றால் என் மகள்தான், வேறு யாரும் இல்லை. இதை இங்கே சொல்லிவைக்காவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

மாமி சொன்னால் செய்கிற மனுஷி. ஆகவே பொருக்கு அவர் காதுக்கு எட்டுவதற்கு முன் அதைப் போக்கிவிட வேண்டும். அவர்கள் இருவரும் இல்லாத வீட்டில் நான் மூன்று மாதம் தனியாகச் சமைத்துத் தின்று பார்த்தவன். இன்னொரு தரம் அது என்னால் ஏலாது.

முதலில் மாமி கொடுத்தனுப்பிய நல்லெண்ணெயைத்தான் சந்தேகப்பட்டேன். நாட்டுச் செக்கில் ஆட்டிய சுத்தமான எண்ணெய் அது. ஆனால் பிள்ளையின் தலையில் அதுவரை பட்டது அது ஒன்றுதான், ஆகவே குற்றவாளி அதுதான் என்று தீர்ப்பு எழுதினேன். தேங்காயெண்ணெய்க்கு மாறினோம். என் முழங்கை மடிப்பில் முதலில் பூசிப் பார்த்து, அரைநாள் பொறுத்து, எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்று கண்டபிறகுதான் பிள்ளைக்கு வைத்தேன். என் தோல் வெயிலில் காய்ந்து மாட்டுத்தோல் மாதிரி இருந்தது. அதில் எதைப் பூசினாலும் ஒன்றும் செய்யாது என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

மூன்று நாள் போயிற்று. பொருக்கு அப்படியே இருந்தது. நாளுக்கு ஐந்து தரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போவேன். அவள் கண்ணைச் சுருக்கி, உதட்டைப் பிதுக்கி, அழலாமா விடலாமா என்று யோசிப்பாள். நான் மெல்லிய மயிரை விரலால் விலக்கி, நேற்றைக்கு எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு என்று அளப்பேன்.

பக்கத்துக் காணியில் ஓர் அக்கா இருந்தார். வன்னியிலேயே பிறந்து வளர்ந்தவர். எங்களைப் போல வந்து குடியேறினவர்களைப் பார்த்தால் அவருக்கு உள்ளூர ஒரு சிரிப்பு. வேலியால் எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, மாரி காலத்தில தேங்காயெண்ணெய் வைப்பினமே? நெஞ்சில சளி கட்டிப்போடும். உது கரப்பன். இலுப்பெண்ணெய் பூசுங்கோ. பொருக்கு விழுமட்டும் தலைக்குத் தண்ணி காட்டவும் வேண்டாம்."

தன் வளவு இலுப்பையில் பொறுக்கிய கொட்டையில் எடுத்த எண்ணெயில் ஒரு சின்னப் போத்தல் தந்தார். அன்றோடு பிள்ளையை முழுக வார்ப்பதை நிறுத்தினோம். உடம்பைத் துடைத்துவிடுவோம். தலைக்குத் தண்ணீர் இல்லை. இலுப்பெண்ணெய் நல்ல எண்ணெய்தான். அந்தப் பக்கத்துக் கோயில்களில் விளக்கு எரிவதே அதில்தான். பூசின அன்று பிள்ளையைத் தூக்கி முகர்ந்த மனைவி, "கர்ப்பக்கிரகம் மாதிரி மணக்கிறாள். திரி வைச்சால் எரிவாள்" என்றாள். அவள் பகிடியாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொருக்கு அதற்குள் இரண்டாகியிருந்தது.

பிறகு வேப்பெண்ணெய். கிருமியைக் கொல்லும் என்று சொன்னார்கள். யார் சொன்னார்கள் என்று இப்போது ஞாபகமில்லை, அந்த நாட்களில் நான் வழியில் கண்ட எல்லோரிடமும் கேட்டேன், எல்லோரும் ஏதாவது சொன்னார்கள். பிள்ளை தலையைத் தடவிய கையை வாயில் வைத்துவிட்டாள். முகம் கோணிற்று, குடித்த பால் முழுவதையும் கக்கினாள். மனைவி பிள்ளையின் வாயைத் துடைத்தாள். போத்தலை எடுத்து, உரலில் ஏறி நின்று, குசினியின் கூரை வளைக்குள் எனக்கும் எட்டாத உயரத்தில் செருகினாள். அவள் கோபப்பட்டால் சத்தம் வராது. அது எனக்கு இன்னும் பயம்.

முல்லைத்தீவுப் பக்கமிருந்து புடைவைக்கட்டும் எண்ணெய்த் தகரமும் கட்டிக்கொண்டு சைக்கிளில் வரும் முஸ்லிம் வியாபாரி, நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், ஆமணக்கெண்ணெய் தந்தார். "மயிர் கருகருவெண்டு வளரும் தம்பி, என்ட பிள்ளையளுக்கும் இதுதான்" என்றார். நல்ல மனுஷன், பொய் சொல்கிறவர் அல்ல. ஆனால் அந்த எண்ணெய் பாகுபோலத் தடித்தது. ஈர விறகின் புகையும் குசினிக் கரியும் அதில் வந்து ஒட்டிக்கொண்டன. ஒரு கிழமையில் பிள்ளையின் தலை முழுக்கச் சாம்பல் பூத்த ஒரு தொப்பி போட்டதுபோல் ஆகிவிட்டது. பொருக்கு நெற்றிவரை இறங்கிற்று.

புதுக்குடியிருப்புப் பக்கம் நாட்டு வைத்தியம் பார்க்கும் ஒரு பரியாரியார் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அவரிடம் ஓடினேன். பச்சையாய் ஒரு காய்ச்சின எண்ணெய் கொடுத்தார். "இருபத்தொரு நாளில விழுந்திடும். இடையில மாத்தக் கூடாது" என்றார். ஐந்தாம் நாள் நானே அதை நிறுத்திவிட்டேன். இருபத்தொரு நாள் பொறுக்க என்னால் முடியாது. இருபத்தொரு நாளுக்குள் மாமி வந்து நின்றால் யார் பதில் சொல்வது?

அந்த மழைக்காலம் எப்படிப் போயிற்று என்று யோசித்தால் எனக்குச் சைக்கிள்தான் ஞாபகம் வருகிறது. சேற்றில் சைக்கிள், பஸ்ஸின் மேல் சைக்கிள், கைபிடியில் தொங்கும் போத்தல். வயலில் களை பிடுங்கும் காலம் அது. கூலிக்கு வந்தவர்களுக்குச் சமைத்துக் கொடுத்து, அவர்களோடு தானும் வரம்பில் இறங்கி, கிணற்றில் தண்ணீர் அள்ளி, இடையில் ஓடிவந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தது யார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. நான் பெரிய காரியமாக அலைகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் எனக்கு ஒரு தந்திரம் தோன்றியது. மாமியிடமே கேட்டால் என்ன? பொருக்கைப் பற்றி மூச்சு விடாமல், பொதுவாக, ஒரு போஸ்ட்காட்டில். வார்த்தைகளை எண்ணி எண்ணி எழுதினேன். இன்றும் எனக்கு அது மனப்பாடம்.

'இங்கு யாவரும் சுகம். பிள்ளை மூன்று கிழமையாக முழுகாமல் இருக்கிறாள். இந்த நேரத்தில் தலைக்கு என்ன எண்ணெய் வைப்பது நல்லது என்று மறுதபாலில் எழுதவும்.'

எங்கள் பக்கத்துத் தமிழ் தெரிந்தவர்கள் இதற்குள் சிரித்திருப்பார்கள். முழுகாமல் இருக்கிறாள் என்று எங்களில் யாரும் சொன்னால், தலைக்கு வார்க்கவில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வயிற்றில் பிள்ளை என்றுதான் அர்த்தம். கலியாணம் முடித்த பெண்களைப் பற்றி ஆயிரம் தரம் நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நான்கு மாதக் குழந்தையைப் பற்றி எழுதும்போது அது என் மண்டையில் ஏறவில்லை. 'இந்த நேரத்தில்' என்று நான் எழுதியது மாரி காலத்தை. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு போஸ்ட்காட்டைத் தபால் பெட்டியில் போட்டேன்.

மாமிக்கு எழுத்து அவ்வளவாக வாசிக்க வராது. தபால்காரர்தான் வாசல் படலையில் நின்று வாசித்துக் காட்டுவது. அவருக்கு நல்ல குரல். மாமிக்குப் பிள்ளை யார் என்பதையும் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.

நாலு நாள் பதிலுக்குப் பார்த்தேன். வரவில்லை. ஐந்தாம் நாள் காலையில் எழும்பி சைக்கிளை எடுத்தேன். கொக்கிளாய்க் கடற்கரைப் பிள்ளைகளின் தலைமயிர் கறுப்பாய் அடர்த்தியாய் இருப்பது சுறா எண்ணெயால்தான் என்று கருவாட்டு லொறிக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார்.

"கொக்கிளாய்க்கோ?" என்றாள் மனைவி. பிள்ளை அவள் தோளில் கிடந்தாள். "இண்டைக்குக் களைக்கு ஆக்கள் வருவினம்."

"நாளைக்கு வந்திடுவன்" என்றேன்.

அவள் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

முல்லைத்தீவு வரை பஸ். அதற்கப்பால் மணலும் சேறும். பாதி வழி நான் சைக்கிளில் போனேன், மீதி வழி சைக்கிள் என் தோளில் வந்தது. கொக்கிளாயில் மீனவர் வாடி ஒன்றில் சுறா ஈரலை உருக்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது நாங்கள் வள்ளத்துக்குப் பூசுறது. பலகை வெடிக்காமல் இருக்க. பிள்ளையின்ரை தலை என்ன, வள்ளமே?"

பக்கத்தில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவி நிமிர்ந்தார். "பிள்ளைக்குத் தாய் இருக்கிறாவோ?" என்று கேட்டார்.

"இருக்கிறா."

"அவா என்ன சொல்லுறா?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. மனைவியிடம் நான் கேட்கவில்லை. முதல் நாள் 'விடுங்கோ' என்றாள், அதற்குப் பிறகு நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. அதை இந்த மனுஷியிடம் எப்படிச் சொல்வது? போத்தலை வாங்கிக்கொண்டு எழும்பிவிட்டேன். அன்றிரவை வேறொரு வாடியில் கழித்துவிட்டு, அடுத்த நாள் பின்னேரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். என் சட்டை, கை, சைக்கிள் எல்லாம் மீன் நாற்றம்.

படலையைத் திறந்ததும் மாமியின் தகரப் பெட்டியைக் கண்டேன். விறாந்தையில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் மாமி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடிந்தது காரியம் என்று நினைத்தேன். யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள்.

"வெக்கமில்லையோ உமக்கு?" என்றார் மாமி.

அதுவரை என்னை 'நீங்கள்' என்று கதைத்தவர் அன்று 'நீர்' என்றார்.

"நான் வேணுமெண்டு செய்யேல்லை, மாமி."

"பின்னை? தானா வந்ததோ?"

"ஓம், தானாத்தான் வந்தது. முதல் விரல் நுனியளவுதான் இருந்தது. நான் பேசாமல் இருக்கேல்லை, பரியாரியாரிட்டையும் ஓடினனான். இருபத்தொரு நாளில விழுந்திடும் எண்டவர்."

மாமி நெஞ்சில் கையை வைத்தார். "விழுத்துறதுக்குப் பரியாரியிட்டைப் போனனீரோ? செத்துப் பிழைச்ச பிள்ளையை மறுபடி கொல்லப் பாத்தனீரோ?"

"பொருக்கு விழுந்தால் ஏன் மாமி சாக வேணும்?"

"என்ன பொருக்கு?"

"தலைப் பொருக்கு."

"ஆரின்ரை தலை?"

இடுப்புச் செருகலிலிருந்து மாமி எடுத்து நீட்டியது என் போஸ்ட்காட். என் கையெழுத்தை நானே வாசித்தேன். இரண்டாம் வரியில் என் காது சூடாகிற்று. தபால்காரர் இதைப் படலையில் நின்று உரக்க வாசித்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் வேலியால் தலை நீட்டி மாமிக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்.

கிணற்றடியிலிருந்து மனைவி பிள்ளையோடு வந்தாள். மாமி தாங்கள் இருவரும் மட்டும் இருந்தபோது அவளிடம் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. மருமகன் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். மனைவி என் கையிலிருந்து போஸ்ட்காட்டை வாங்கி வாசித்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எனக்குத் தெரியவில்லை.

"அம்மா, முழுகாமல் இருக்கிறது குஞ்சு. கரப்பன் எண்டு தலைக்குத் தண்ணி வாக்கேல்லை. அதைத்தான் உந்த மனுஷன் எழுதி வைச்சிருக்கு."

மாமி பிடித்திருந்த வாசல் நிலையை விட்டார். அப்படியே தரையில் இருந்துவிட்டார். அழப்போகிறார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் அழுது நான் கண்டதே இல்லை, ஆஸ்பத்திரி வாசலிலும் அவர் அழவில்லை.

"பஸ்ஸில வரேக்கை முழுக்க உன்ரை செத்தவீட்டை நினைச்சுக்கொண்டு வந்தனான், பிள்ளை" என்றார். "அண்டைக்குப் போன ரத்தம் ஊறவே இல்லை. அதுக்குள்ள இன்னொண்டெண்டால் நீ தப்பமாட்டாய் எண்டுதான்..."

எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போகலாம் போல் இருந்தது. இவ்வளவு நாளும் நான் மாமியின் வாய்க்குப் பயந்து ஓடினேன். மாமி பயந்ததெல்லாம் தன் மகளின் உயிருக்கு.

அப்போதுதான் பிள்ளையின் தலையைப் பார்த்தேன். சாம்பல் தொப்பியைக் காணவில்லை. அங்கங்கே இளஞ்சிவப்பாய் இரண்டொரு இடம். மற்றப்படி சுத்தமான தோல். அதன்மேல் கறுப்பாய்ப் பூனைமயிர்.

"என்ன செய்தாய்?" என்றேன்.

"பயத்தம் மாவும் இளஞ்சூட்டுத் தண்ணியும். நேற்றும் இண்டைக்கும் ஊறப்போட்டுக் கழுவினன். ஏழெட்டுத் தரம் எண்ணெய்க்கு மேல எண்ணெய் பூசினால் அது எங்கை போகும்? முதலே செய்திருப்பன். நீங்கள் வீட்டில நிண்டால் தலையை என்னட்டைத் தரமாட்டியள். கொக்கிளாய்க்குப் போனபடியால் எனக்கு ரெண்டு நாள் கிடைச்சுது."

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். என் கையில் சுறா எண்ணெய்ப் போத்தல் இன்னும் இருந்தது. ஏழாவது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் மற்றக் கைக்கு மாற்றினேன்.

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். குஞ்சை வாங்கித் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குஞ்சுக்கு ஒரு குறையும் இல்லை" என்றார். பிறகு என்னைப் பார்த்து, மறுபடி பழையபடி: "தம்பி, நான் சொன்ன சொல் சொல்லுத்தான். ரெண்டு நாள் நிண்டுபோட்டு நான் தனியப் போறன். நீங்கள் பயப்பிடாதேங்கோ."

நான் ஜெயித்துவிட்டேன். மூன்று கிழமைக்கு மேலாக நான் ஆசைப்பட்டது அந்த ஒரு சொல்லைத்தான்.

அடுத்த நாள் காலை மாமி நல்லெண்ணெய் கேட்டார். நான் கூரை வளைக்குள் இருந்தது உட்பட எல்லாப் போத்தலையும் கொண்டுவந்து விறாந்தையில் வைத்தேன். மாமி அவற்றை ஒரு பார்வை பார்த்தார், தான் தந்ததைக் கண்டுபிடித்து எடுத்தார். நான் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கப் போனேன்.

"குஞ்சின்ரை தலைக்கில்லை. பிள்ளையைக் கூப்பிடுங்கோ."

என் மனைவி வந்து தாயின் முன்னால் முதுகு காட்டி இருந்தாள். மாமி அவளுடைய கொண்டையை அவிழ்த்தார். கலியாண நாளில் அந்தக் கொண்டையைச் சுற்றப் பூ போதாமல் ஓடித் திரிந்தார்கள். அன்று அது கைக்குள் அடங்கும் ஒரு தேசிக்காயளவுதான் இருந்தது. மாமி விரலை விட்டுக் கோதினார். கையோடு மயிர் வந்தது. மறுபடி கோதினார், மறுபடி வந்தது. காதுக்கு மேலே இரண்டு பக்கமும் தோல் தெரிந்தது. மாமி உதிர்ந்ததை உருட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இருந்தார். சுவரோரக் கிடுகில் அதேபோல எத்தனையோ உருண்டைகள் செருகிக் கிடப்பதை அப்போதுதான் கண்டேன். மனைவி தினமும் சீவிச் சீவிச் செருகியவை. நான் அவற்றைத் தினமும் பார்த்திருக்கிறேன். குருவி வைத்தது என்று நினைத்திருந்தேன்.

வீட்டில் ஒரு தலையில் பொருக்கு என்று நான் வன்னி முழுக்க ஓடினேன். இன்னொரு தலை என் கண்முன்னால் மொட்டையாகிக்கொண்டு வந்தது. பிள்ளையின் தலையைப் பார்க்க வெளிச்சத்துக்குப் போனவன், சோறு போடக் குனிகிறவளின் தலையை ஒரு நாளும் பார்த்ததில்லை. நான் கெட்டவன் இல்லை. ஆனால் அன்று என்னை யாரும் அப்படிச் சொல்லியிருந்தால் மறுத்திருக்க மாட்டேன்.

மாமி எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிச் சூடேற்றி, மகளின் உச்சியில் வைத்தார். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். இருந்தபடியே தூங்கிப்போனாள். தலை முன்னால் விழ, மாமி நாடியைப் பிடித்துத் தாங்கிக்கொண்டார்.

"மாமி" என்றேன். "ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

மாமி நிமிர்ந்து பார்த்தார். "நான் கேக்கேல்லையே, தம்பி."

"நீங்கள் கேக்கேல்லை. நான் சொல்லுறன். இஞ்சை இருந்தால் இவளுக்கு நித்திரை இல்லை. நான் சும்மா இருக்கவிடன்."

மனைவி கண்ணைத் திறந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லுவாள் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது, அதை ஒளிக்க மாட்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"நெல்லு அரிவு வெட்டுக்கு முன்னம் வந்திடுவன்" என்றாள். "அதுக்குள்ள எண்ணெய் ஒண்டும் வாங்கி வைக்காதேங்கோ."

சொன்னபடி வந்தாள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அது அன்று எனக்குத் தெரியாது. பரந்தன் சந்தியில் யாழ்ப்பாணப் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, இவள் இனி வரமாட்டாள், நானே என் வாயால் அனுப்பிவிட்டேன் என்றுதான் மனம் கிடந்து அடித்தது. ஒரு இடத்தில் நிற்க முடியாமல் தகரப் பெட்டியைத் தூக்கி இரண்டு தரம் இடம் மாற்றி வைத்தேன். மாமி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் வந்தது. மாமி ஏறினார், பெட்டியை ஏற்றினேன். பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு மனைவி ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து இரண்டு கையையும் வெளியே நீட்டினாள். கொடுப்பதற்கு முன் பிள்ளையின் தலையை என் முகத்தோடு சேர்த்தேன். பிறந்ததிலிருந்து அந்தத் தலையில் ஏதாவது ஓர் எண்ணெய் இருந்தது. அன்று ஒன்றும் இல்லை. பாலும் வெயிலும் கலந்ததுபோல இளஞ்சூட்டில் ஒரு மணம் வந்தது. நாளுக்கு ஐந்து தரம் அந்தத் தலையைத் தூக்கிப் பார்த்தவன் நான். என் பிள்ளையின் மணம் இதுதான் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"தாங்கோ, பஸ் வெளிக்கிடப் போகுது" என்றாள் மனைவி.

கொடுத்தேன்.